அப்பாவின் அறைக்கு எந்த பேக்கப்?

அப்பாவுக்கு வீட்டிலேயே ஆக்சிஜன் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன வாரமே, அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் மெஷினும் இன்வெர்ட்டரும் வாங்கிவிட்டோம். கடையில் கேட்டது இரண்டே கேள்விகள்: எத்தனை ஃபேன், எத்தனை லைட்? மெஷின் 350 வாட் என்று சொன்னேன். சைன் வேவ் (லைன் கரண்ட் போலவே சீரான அலையாகக் கொடுப்பது) இன்வெர்ட்டர் ஒன்று, 150 ஏ.எச். (ஆம்பியர் அவர், பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி ஒன்று என்று எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் சாயங்காலம் என்ன வோல்டேஜ் வருகிறது என்று அவர்களும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

இரண்டாவது வாரம் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. மெஷின் அலாரம் அடிக்கிறது, அப்பா மூச்சுக்குத் திணறுகிறார், அம்மா டார்ச்சைத் தேடுகிறார். மூலையில் நிரப்பி வைத்திருந்த சிலிண்டர் அன்று காப்பாற்றியது. ஆனால் பகல் முழுக்கக் கரண்ட் இருந்ததே, பேட்டரி எப்படிக் காலியானது?

மறுநாள் காலை வந்த வயர்மேன் ஒரே வரியில் சொன்னார்: "தம்பி, இது சாயங்காலம் ஆறு மணியிலேர்ந்து பேட்டரியிலதான் ஓடியிருக்கு."

கரண்ட் இருந்தது, வோல்டேஜ் இல்லை. வீட்டு இன்வெர்ட்டர்களில் பெரும்பாலும் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும்: யு.பி.எஸ். மோடு, நார்மல் மோடு. யு.பி.எஸ். மோடில் லைன் வோல்டேஜ் சுமார் 180க்குக் கீழே போனால், கரண்ட் போய்விட்டதாகவே எடுத்துக்கொண்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறிவிடும். அந்த நேரத்தில் சார்ஜும் ஏறாது. எங்கள் வீட்டில் ஆறு மணிக்கே அப்படி மாறி, மூன்று மணி நேரம் மெஷினையும் ஃபேனையும் ஓட்டித் தீர்த்துவிட்டது. உண்மையான கட் வந்தபோது மிச்சம் எதுவும் இல்லை. ஃபேனும் லைட்டும் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்ததால் எங்களுக்கும் தெரியவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். பேக்கப் வாங்கும்போது எல்லோரும் "எத்தனை மணி நேரம் வரும்?" என்றுதான் கேட்கிறோம். அதற்கு முன்னால் அந்த அறையின் பிளக் பாயின்டில் என்ன வோல்டேஜ் வருகிறது என்று அளக்க வேண்டும். எந்த சாதனம் உங்களுக்கு ஒத்துவரும், எது வீண் செலவு என்பதை அந்த எண்தான் சொல்லும்.

முதலில் அளந்து பாருங்கள்

நம் ஊர் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு ஐம்பது அலை) என்பது கணக்குக்கு. தெருமுனை டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை வாங்கி 433 வோல்ட்டாகக் கொடுக்கிறது. அது, கரண்ட் வரும் மூன்று பேஸ் கம்பிகளில் ஏதாவது இரண்டுக்கு இடையில் உள்ள வோல்டேஜ். ஒரு பேஸுக்கும், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பிக்கும் இடையில் பார்த்தால் 250. ஆக, டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் இருப்பவருக்கு நள்ளிரவில் 245க்கு மேல் வரலாம். அதே லைனின் கடைசியில் இருப்பவருக்கு, நடுவில் நாலு பம்புசெட்டும் பத்து ஏ.சி.யும் ஓடும்போது, 180 வந்தாலே பெரிது. நாங்கள் இருப்பது மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில், லைனின் கடைக்கோடியில்.

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். மின்சாரத்தைத் தொட்டுப் பழக்கமில்லாதவர்கள் பிளக்கில் செருகினால் எண் காட்டும் சின்ன வோல்ட் மீட்டரை வாங்கிக்கொள்ளலாம், அதுதான் பாதுகாப்பு. ஒரு நாளில் நான்கு முறையாவது, ஒரு வாரத்துக்குக் குறித்து வையுங்கள். எங்கள் நோட்டில் ஒரு நாள் இப்படி இருந்தது: காலை ஆறு மணி 231, மதியம் இரண்டு மணி 208, இரவு ஏழரை 184, பதினொன்றரை 240.

இது மெயின் போர்டில் அளந்தது. அப்பாவின் அறையில் மெஷினை நேரடியாக லைனில் ஓடவிட்டு அதே ஏழரை மணிக்கு அளந்தால் 166. ஒரே வீட்டுக்குள் 18 வோல்ட் எங்கே போனது?

வயர்மேன் இந்த இடத்தில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார், இன்றுவரை மறக்கவில்லை. மெயின் போர்டிலிருந்து அறைக்கு இருபது மீட்டர் தூரம், 1.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர். போக வர நாற்பது மீட்டருக்கு அதன் மின்தடை அரை ஓம் அளவுதான். மெஷின், ஃபேன், லைட் எல்லாம் சேர்ந்து இரண்டரை ஆம்பியர் இழுத்தால் வயரில் குறைய வேண்டியது ஒன்றேகால் வோல்ட். 18 குறைகிறது என்றால் வழியில் எங்கோ ஜாயின்ட் லூஸ். அந்த இடத்தில் 18 வோல்ட்டும் இரண்டரை ஆம்பியரும் சேர்ந்து 45 வாட் சூடாக மாறிக்கொண்டிருக்கும். சால்டரிங் அயர்ன் ஒன்றைச் சுவருக்குள் செருகி வைத்த மாதிரி.

நடை சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்தார். நியூட்ரல் வயர்களை முறுக்கி டேப் சுற்றியிருந்த இடத்தில் டேப் உருகிக் கறுத்து, இன்சுலேஷன் பொரிந்து, செம்பு நிறமே மாறியிருந்தது. தொட்டதும் ஒரு இழை உதிர்ந்தது. ஆக்சிஜன் ஓடும் வீட்டில் அப்படி ஒரு ஜாயின்ட். அதை வெட்டி, கனெக்டர் போட்டு இறுக்கிய பிறகு அறையில் 183 வந்தது. எந்த யு.பி.எஸ்.ஸும் இந்த வேலையைச் செய்திருக்காது. மெயின் போர்டுக்கும் அறைக்கும் ஐந்தாறு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கடைக்குப் போகாதீர்கள், முதலில் வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்றும் இதோடு சொல்லிவிடுகிறேன். வோல்டேஜ் திடீரென்று 280, 300 என்று ஏறினாலோ, ஒரு அறையில் பல்பு மங்கும்போது இன்னொரு அறையில் கண்ணைக் கூசினாலோ, அது நியூட்ரல் அறுந்ததற்கோ லூஸானதற்கோ அறிகுறி. உடனே மெயினை அணைத்துவிட்டு இ.பி.க்குச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

வெறும் இன்வெர்ட்டர்

நம் ஊரில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது 2012ஐ ஒட்டி. அப்போது சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். 2018இல் கஜா புயல் அடித்து டெல்டாவில் வாரக்கணக்கில் இருட்டில் இருந்தபோது மிச்சமிருந்தவர்களும் வாங்கினார்கள். கரண்ட் இருக்கும்போது ஒழுங்காக இருந்து, போகும்போது முழுசாகப் போகிற இடத்துக்கு அது நல்ல சாதனம்தான்.

ஆனால் லைனில் கரண்ட் இருக்கும்போது இன்வெர்ட்டர் அதை எதுவும் செய்வதில்லை. வருவதை அப்படியே உள்ளே அனுப்பும், பேட்டரியைச் சார்ஜ் செய்யும், அவ்வளவுதான். 190 வந்தால் 190. 250 வந்தால் 250. இதை வோல்டேஜ் சரிசெய்யும் சாதனம் என்று நினைப்பவர்கள் நிறைய பேர், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"நார்மல் மோடில் போடுங்கள், பேட்டரிக்கு மாறாது" என்று கடையில் வழி சொன்னார்கள். மாறாதுதான். அந்த மோடில் 100 வோல்ட் வரைக்கும்கூட லைனிலேயே ஓட்டும். ஆனால் அந்தக் குறைந்த வோல்டேஜ் நேராக மெஷினுக்குப் போகும். கான்சென்ட்ரேட்டருக்குள் இருப்பது ஒரு கம்ப்ரஸர் மோட்டார். மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 230 வேண்டிய இடத்தில் 166 கொடுத்தால் கிடைப்பது பாதி பலம். மோட்டார் திணறும், சூடாகும், ஆக்சிஜனின் தரம் இறங்கும். அப்பாவின் மூச்சு அதில்தான் இருக்கிறது. அதனால் இந்த யோசனையை நான் ஏற்கவில்லை.

அதே நார்மல் மோடு லேப்டாப்புக்கும் செல்போன் சார்ஜருக்கும் போதும். அடாப்டரின் அடியில் பொடி எழுத்தில் 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருக்கும். அந்த மாதிரிச் சாதனத்துக்கு 166 வந்தாலும் கவலை இல்லை, கரண்ட்டைக் கொஞ்சம் கூடுதலாக இழுத்துத் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஓர் அறையில் இருப்பதெல்லாம் இந்த வகைதான் என்றால் இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

வாங்குவது எதுவானாலும் சைன் வேவ் வாங்குங்கள். ஸ்கொயர் வேவில் ஃபேன் உறுமும், மோட்டார் உள்ள சாதனங்கள் சூடேறும். மருத்துவ மெஷினை அதில் ஓட்டவே கூடாது.

கம்ப்யூட்டர் கடையில் கிடைக்கும் சின்ன யு.பி.எஸ்.

600 வி.ஏ. (வோல்ட் ஆம்பியர், எவ்வளவு லோடு தாங்கும் என்ற அளவு; ஆயிரம் வி.ஏ. ஒரு கே.வி.ஏ.) என்று கம்ப்யூட்டரோடு சேர்த்து விற்கிற பெட்டி. இதற்கு லைன் இன்டராக்டிவ் என்று பெயர். இன்வெர்ட்டரில் இல்லாத ஒரு நல்ல குணம் இதில் உண்டு: உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் வோல்டேஜ் குறைந்தால் ஒரு படி ஏற்றும், கூடினால் ஒரு படி இறக்கும். பேட்டரியைத் தொடாமலே 140 முதல் 300 வோல்ட் வரை சமாளிப்பதாகப் பல மாடல்களில் போட்டிருக்கும். லோ வோல்டேஜ் ஊரில் டெஸ்க்டாப்புக்கும் வைஃபை ரவுட்டருக்கும் இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

அப்பாவின் அறைக்கு ஏன் ஆகாது? 600 வி.ஏ. என்பது அந்தப் பெட்டியில் சுமார் 360 வாட்தான். 350 வாட் கம்ப்ரஸர் கிளம்பும்போது ஒரு நொடி அதைப்போலப் பல மடங்கு இழுக்கும், பெட்டி அங்கேயே ட்ரிப் ஆகிவிடும். அப்படியே தாங்கினாலும் உள்ளே இருப்பது 7 ஏ.எச். பேட்டரி, இந்த லோடுக்குச் சில நிமிடம்தான். தவிர, பேட்டரியில் ஓடும்போது இவை கொடுப்பது பெரும்பாலும் படிப்படியான அலை, சுத்தமான சைன் வேவ் கிடையாது.

ஆன்லைன் யு.பி.எஸ்.

வோல்டேஜ் விஷயத்தில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. வரும் ஏ.சி.யை டி.சி.யாக்கி, அதிலிருந்து புதிதாக 230 வோல்ட் ஏ.சி. செய்து கொடுக்கிறது. இதை எந்நேரமும் செய்துகொண்டே இருப்பதால் கரண்ட் போகிற கணத்தில் மாற வேண்டிய வேலையே இல்லை. வெளியே 170 ஆகட்டும், 260 ஆகட்டும், உள்ளே ஒரே 230. லேப், ஸ்கேன் மெஷின், சர்வர் இருக்கிற இடத்துக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். ஜெனரேட்டரோடு சேர்த்து ஓட்ட வேண்டிய இடத்திலும் இதுதான் சரி. ஜெனரேட்டர் கரண்டின் ஹெர்ட்ஸ் ஏறி இறங்கும்போது சின்ன யு.பி.எஸ்.கள் அதை ஏற்காமல் பேட்டரிக்குத் தாவிக்கொண்டே இருக்கும்.

இதைத்தான் வாங்குவதாக இருந்தேன். இரண்டு விஷயங்கள் தடுத்தன. ஒன்று, எந்நேரமும் கரண்ட்டை இரண்டு முறை மாற்றுவதால் அதற்கே ஒரு பங்கு வீணாகும். எங்கள் லோடுக்கு 50 வாட் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 1.2 யூனிட், இரண்டு மாத பில்லில் 72 யூனிட். மெஷின் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடும் வீட்டில் இது சின்னத் தொகை இல்லை. இரண்டாவது, சத்தம். உள்ளே விசிறி நிற்காமல் சுற்றும். ஏற்கெனவே கான்சென்ட்ரேட்டரின் இரைச்சலோடு தூங்கப் பழகிக்கொண்டிருக்கும் மனுஷனின் தலைமாட்டில் இன்னொன்றை வைக்க எனக்கு மனம் வரவில்லை. வேறு அறையில் வைத்து வயர் இழுக்கலாம், அந்த வசதி இருப்பவர்கள் செய்யுங்கள்.

விலையும் இன்வெர்ட்டரைவிடக் கணிசமாக அதிகம். பேட்டரி எண்ணிக்கையும் கூடும்: ஒரு கே.வி.ஏ. லாங் பேக்கப் மாடல்களில் பல 36 வோல்ட்டில் ஓடும், அதாவது மூன்று பேட்டரி. வாங்குமுன் இன்னொன்றைக் கேளுங்கள். 110 வோல்ட்டிலும் ஓடும் என்று பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் பாதி லோடுக்கு. முழு லோடில் எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்பது வேறு எண், அது உள்ளே இருக்கும் தாளில்தான் இருக்கும்.

ஸ்டெபிலைசரும் இன்வெர்ட்டரும்

கடைசியில் நாங்கள் செய்தது இது. இருக்கிற இன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு ஸ்டெபிலைசர்.

"முன்னால்" என்பது முக்கியம். மெயின் லைன் முதலில் ஸ்டெபிலைசருக்குள் போக வேண்டும், அதிலிருந்து இன்வெர்ட்டருக்கு, இன்வெர்ட்டரிலிருந்து மெஷினுக்கு. சிலர் ஃப்ரிட்ஜுக்கு வைப்பது போல மெஷினுக்குப் பக்கத்தில், இன்வெர்ட்டருக்குப் பின்னால் ஸ்டெபிலைசரை வைத்துவிடுகிறார்கள். அப்போது இன்வெர்ட்டர் பார்ப்பது அதே 170 வோல்ட்தான். பேட்டரிக்கு மாறும், சார்ஜ் ஏறாது, பழைய கதைதான். முன்னால் வைத்தால் 170ஐ ஸ்டெபிலைசர் 210, 220 ஆக்கிக் கொடுக்கும். இன்வெர்ட்டருக்கு லைன் நன்றாக இருப்பதாகத் தெரியும், பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டே இருக்கும்.

அளவு எடுக்கும்போது மெஷினை மட்டும் பார்க்கக் கூடாது. மெஷின் 350, ஃபேன் 75, லைட் 10. அதோடு பேட்டரி சார்ஜிங்: 150 ஏ.எச். பேட்டரிக்கு 15 ஆம்பியர் என்றால் 200 வாட்டுக்கு மேல், சார்ஜரின் நஷ்டத்தோடு 300 என்று வையுங்கள். கூட்டினால் 735 வாட். உள்ளே வரும் வோல்டேஜ் குறையக் குறைய ஸ்டெபிலைசர் கூடுதல் ஆம்பியர் இழுக்க வேண்டியிருக்கும், அதனால் ஒரு கே.வி.ஏ. போதாது. இரண்டு கே.வி.ஏ. எடுத்தோம். எத்தனை வோல்ட்டிலிருந்து வேலை செய்யும் என்பதையும் பாருங்கள். 170இல் ஆரம்பிக்கும் ஸ்டெபிலைசரை 165 வரும் ஊரில் மாட்டினால் வேண்டிய நேரத்தில் கட் ஆகிவிடும். உங்கள் நோட்டில் உள்ள மிகக் குறைந்த எண்ணுக்குக் கீழே இருபது முப்பது வோல்ட் இடம் விட்டு வாங்குங்கள்.

குறை என்னவென்றால், ரிலே வகை (உள்ளே சுவிட்ச் மாறி வோல்டேஜைப் படிப்படியாக ஏற்றி இறக்குவது) ஸ்டெபிலைசர் படி மாறும்போது டக்கென்று ஒரு சத்தம், கண் சிமிட்டும் நேரத்துக்கு ஒரு இடைவெளி. சில சமயம் இன்வெர்ட்டர் அதையே கட் என்று எடுத்துக்கொண்டு சில நொடி பேட்டரிக்குப் போய்த் திரும்பும். மெஷின் அதைப் பொருட்படுத்தவில்லை. சின்ன மோட்டார் வைத்து வோல்டேஜைச் சீராக ஏற்றி இறக்கும் சர்வோ ஸ்டெபிலைசரில் இந்தத் துள்ளல் இருக்காது, விலை கூடும்.

பேட்டரிக் கணக்கு

வோல்டேஜ் சரியான பிறகுதான் "எத்தனை மணி நேரம்" என்ற கேள்விக்கு அர்த்தம் வந்தது. 12 வோல்ட், 150 ஏ.எச். என்றால் 1800 வாட் அவர். இன்வெர்ட்டரின் நஷ்டமெல்லாம் போக முக்கால் பங்கு கிடைத்தால் 1350. நம் லோடு 435 வாட். மூன்று மணி நேரம், பேட்டரி பழசானால் இரண்டரை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு நிறுத்தினால் கரண்ட் வருவதற்கு மதியம் இரண்டு மணிக்கு மேலாகும்.

ஃபேனை, கரண்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. மோட்டார் ஃபேனாக மாற்றினோம், 75 வாட் 30 ஆனது. பிறகு, கையில் பணம் சேர்ந்தபோது, 24 வோல்ட் இன்வெர்ட்டருக்கு மாறி இரண்டு பேட்டரி வைத்தோம். பழைய 12 வோல்ட் இன்வெர்ட்டரிலேயே இன்னொரு பேட்டரியைத் தொடராக இணைக்கலாமா என்று கேட்காதீர்கள், இன்வெர்ட்டர் எரிந்துவிடும். இப்போது லோடு 390 வாட், கணக்குப்படி ஆறேழு மணி நேரம். அதற்கும் மேல் போனால் சிலிண்டர். பி டைப் சிலிண்டரில் சுமார் 1500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் என்றால் பன்னிரண்டு மணி நேரம். எந்த பேக்கப் வைத்தாலும், மூச்சு சம்பந்தப்பட்ட வீட்டில் கரண்ட்டே தேவைப்படாத ஒன்று கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

லித்தியம் பேட்டரி சீக்கிரம் சார்ஜ் ஆகும், தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. ஆனால் இன்வெர்ட்டரின் சார்ஜர் அதற்கு ஏற்றதா என்று பார்க்காமல் மாற்ற வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வருபவை

சொந்தத்தில் ஒருவர் அமெரிக்காவிலிருந்து நல்ல யு.பி.எஸ். ஒன்றும் கான்சென்ட்ரேட்டர் ஒன்றும் அனுப்புகிறேன் என்றார். அன்போடு சொன்னதுதான். லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் பிளக்கில் நேராகச் செருகினால் இரட்டை வோல்டேஜ், அடுத்த நொடியே கருகும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்தால் வோல்டேஜ் சரியாகிவிடும், ஆனால் 50 ஹெர்ட்ஸை அது 60 ஆக்காது. கம்ப்ரஸர் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், ஆக்சிஜன் குறையும், மோட்டார் சூடாகும். யு.பி.எஸ்.ஸும் அப்படித்தான்: கரண்ட் போனதும் அது கொடுப்பது 120 வோல்ட், நம் ஃபேனுக்கும் மெஷினுக்கும் அது ஆகாது. வேண்டாம் என்று சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது, ஆனாலும் சொல்லிவிட்டேன். சிங்கப்பூர், இலங்கை, வளைகுடா நாடுகள் என்றால் பெரும்பாலும் 230, 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கிருந்து வந்தால் பிளக்கை மாற்றினால் போதும். சவூதியிலிருந்து வருவதை மட்டும் லேபிள் பார்த்து எடுங்கள், அங்கே 60 ஹெர்ட்ஸ்.

கடைசியாக, பலரும் நம்பியிருக்கும் இன்னொரு வழி. மும்முனை (மூன்று பேஸ்) இணைப்பு இருக்கிற வீடுகளில் பேஸ் மாற்றும் சுவிட்ச் ஒன்று இருக்கும். லோ வோல்டேஜ் என்றால் எல்லோரும் அதைத் திருகி நல்ல பேஸுக்குப் போய்விடுவோம். ஃபேனுக்கும் லைட்டுக்கும் சரி. மெஷின் ஓடும்போது ஆள் எழுந்துபோய்த் திருக வேண்டிய ஏற்பாட்டை நம்ப முடியாது. தெருவே அந்தப் பேஸுக்கு மாறினால் அரை மணி நேரத்தில் அதுவும் இறங்கிவிடும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை டிபனுக்கு அப்புறம் மெயினை நானே அணைத்துவிட்டு அரை மணி நேரம் பார்க்கிறேன். பேட்டரி வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது, டிஸ்டில்ட் வாட்டர் மட்டம் எங்கே நிற்கிறது, ஜாயின்ட் எங்காவது சுடுகிறதா என்று. மெயின் போர்டு பக்கத்தில் அந்த நோட்டு ஆணியில் தொங்குகிறது. நேற்று இரவு ஏழரைக்கு எழுதியது: லைன் 174, அறை 221, பேட்டரி ஃபுல்.